‘செல்’லாக் காசு

தூக்கி எறிவது என்றால் நம்மவர்களுக்கு ஆகவே ஆகாது. டார்ச் லைட் மங்கினால் நம் தாத்தாக்கள் என்ன செய்தார்கள்? பேட்டரிக் கட்டைகளை உருவி, மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் காயப் போட்டார்கள். வடகத்தைக் காக்காய் கொத்தும், கட்டையைக் கொத்தாது. சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் இரண்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போய்வர வெளிச்சம் கிடைக்கும். அதுவும் தீர்ந்ததா, கல்லால் தட்டி உடைத்தால் நடுவில் இருக்கும் கரிக்குச்சி பையன்களுக்கு. சுவரில் மூன்று கோடு இழுத்தால் ஸ்டம்ப் ரெடி!

அந்தக் கட்டை ஒரு சாது. வெயிலில் போடு, தட்டு, உடை, எதற்கும் கோபப்படாது. அதிகபட்ச தண்டனை, கையெல்லாம் கறுப்பு. அந்தப் பழைய பாசத்தோடுதான் இன்றைக்கு நம் ஆட்கள் லித்தியம் செல்லிடம் போகிறார்கள். இது சாது இல்லை, ஸார். சாது வேஷம் போட்டிருக்கும் பேர்வழி.

எதற்குச் சொல்கிறேன் என்றால்... நைனார்பாளையம் போயிருந்தேன்.

நைனார்பாளையம் என்பது கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் தாலுகா. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற பூமி. என் அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர், அதாவது எனக்கு மாமா, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். கொஞ்சம் காடு உண்டு, ஒரு ரிப்பேர் கடையும் உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுவதிலிருந்து செல்போனுக்கு டிஸ்ப்ளே மாற்றுவது வரை சகலமும் செய்வார். ‘அவர் கை பட்டால் செத்த மிக்ஸியும் எழுந்து சட்னி அரைக்கும்’ என்பது ஊர்த் தீர்ப்பு.

நான் போன சனிக்கிழமை சாயங்காலம் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கரண்ட் போனது. மாமா முகத்தில் ஒரு கல்யாணக்களை!

“மாப்ள, இப்பப் பாருங்க.”

ஃபேன் நிற்கவில்லை. டி.வி. நிற்கவில்லை. சீரியல் மாமியார் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் அழுதுகொண்டே இருந்தார். மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. அதிலிருந்து கட்டை விரல் தடிமனில் இரண்டு ஒயர் இன்வெர்ட்டருக்குப் போகிறது. பெட்டிக்குள் 120 லித்தியம் செல். எல்லாம் மாமா தன் கையால் கோத்தது. பாதி, சேலத்துக் காயலான் கடையில் பழைய லேப்டாப் பேட்டரிகளை வாங்கி உடைத்து எடுத்தவை. மீதி, லாரியில் மாட்டி நசுங்கிய ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் வயிற்றிலிருந்து வந்தவை.

“கடையில புதுசு பதிமூணாயிரம் சொல்றான். எனக்கு மொத்தமே மூவாயிரத்து எட்டு நூறு. யூ-டியூப்ல ஒருத்தன் அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருக்கான் மாப்ள. ஜீரோ காட்டுன செல்லக்கூட வேற பேட்டரில ஒரு தொடு தொட்டு எழுப்பிட்டேன். கல்வராயன் மலையில நாலு பேரு கேட்டிருக்காங்க, அவுங்களுக்கும் ஒண்ணு ஒண்ணு பண்ணித் தரணும்.”

நான் பி.காம். எனக்கு ஓமும் தெரியாது, ஆம்பியரும் ஆகாது. ஆனால் 2022-ல் ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்தபோது ஒரு கட்டுரைக்காக இந்த விஷயத்தைக் கொஞ்சம் நோண்டியிருந்தேன். தவிர, கணக்குப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் காட்டினாலும் ‘ஓப்பனிங் பேலன்ஸ் எங்கே?’ என்று கேட்பான்.

இந்த 120 செல்லுக்கும் ஓப்பனிங் பேலன்ஸ் கிடையாது. எந்த ஊர் லேப்டாப், எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது, எத்தனை முறை கீழே விழுந்தது... ஒரு பேரேடும் இல்லை. மேலே ஒட்டிய கலர் காகிதம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. (காகிதத்தை நம்புவதும் கஷ்டம். சந்தையில் ‘9900’ என்று மார்தட்டும் செல் கிடைக்கிறது. 18 மில்லிமீட்டர் குறுக்கும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் சைஸில் நல்ல கம்பெனிக்காரன் முக்கி முனகிச் செய்தாலே 3500, மிஞ்சிப் போனால் 4000 மில்லி ஆம்பியர்-அவர். 9900 என்பது ஜோசியக்காரர் சொல்லும் ஆயுசு!)

ஒரு செல்லைக் கற்பனையில் பிரித்துப் பாருங்கள். கற்பனையில் மட்டும். செப்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இதையெல்லாம் சேர்த்துக் கோரைப்பாய் மாதிரி சுருட்டி டப்பாவில் திணித்திருப்பார்கள். சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வாக்கில், தலைமுடியைவிட மெல்லிசு. இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் மருமகள், நடுவில் நிற்கிற பிள்ளையாண்டான் இந்தச் சவ்வு. அது கிழியாதவரை குடித்தனம் ஓடும். ஊறியிருக்கும் திரவமும் தண்ணீர் இல்லை, தீப்பிடிக்கிற கரைசல்.

அடிபட்டு நசுங்கினால் உள்ளே பாய்ச்சுருள் மடங்கும். மடங்கிய இடத்தில் சவ்வுக்கு ஆபத்து. இது எல்லாருக்கும் புரியும். மாமா ‘எழுப்பிய’ ஜீரோ வோல்ட் செல் கதைதான் வெளியே தெரியாத வில்லத்தனம். செல்லை ரொம்பக் காலியாக விட்டால் அந்தச் செப்புத் தகடே உள்ளே கரைய ஆரம்பிக்கிறது. பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு ஒழுங்காகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. கண்ட இடத்தில் படிந்து, முள் மாதிரி சவ்வை நோக்கி வளரும். மீட்டரில் வைத்தால் 4.1 வோல்ட் காட்டும், முழு ஆரோக்கியம் மாதிரி. ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடும். ஒரு மாதம்கூட ஓடும். முள் சவ்வைத் தொடுகிற நாள் எது என்று மாமாவின் மீட்டர் சொல்லாது.

தொட்டால்? அந்த இடம் சூடாகும். சூட்டில் உள்ளே ரசாயனம் சிதையும். சிதைந்தால் மேலும் சூடு. 130 டிகிரி வாக்கில் சவ்வே உருகிவிடும். அதற்குப் பிறகு கந்துவட்டி மாதிரி, சூடு குட்டி போட்டுக்கொண்டே போகும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் செல்லே உள்ளிருந்து கொஞ்சம் கொடுக்கும். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினால் அடங்குகிற தீ இல்லை இது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால்தான் உண்டு.

இந்தக் குணம் அதற்குப் பிறவியிலேயே வந்தது. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்பவர் அமெரிக்காவில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் லித்தியம் உலோகத்தை வைத்துப் பேட்டரி செய்து பார்த்தார். தீ விபத்து, தீயணைப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். மறுபடி தீ. மறுபடி ஓடி வந்தார்கள். கடைசியில் ‘லித்தியம் தீயை அணைக்க விசேஷ ரசாயனம் செலவாகிறது, இனி பில்லை உங்களுக்குத்தான் அனுப்புவோம்’ என்று மிரட்டினார்களாம்! பிற்பாடு குட்இனஃப் என்பவர் 1980-ல் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு வந்தார். ஜப்பானில் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தையே வெளியே தள்ளி, கரிப்பொருளுக்குள் லித்தியத்தை ஒளித்து வைத்தார். 1986-ல் அதன் மேல் கனமான இரும்பைப் போட்டு நசுக்கி, வெடிக்கிறதா என்று பரீட்சை பார்த்தார்கள். வெடிக்கவில்லை. 1991-ல் சோனி கடைக்குக் கொண்டு வந்தது. 2019-ல் மூன்று பேருக்கும் நோபல் பரிசு. நோபல் வாங்குகிறவர்களே இரும்பைப் போட்டுப் பார்த்த சாமான், நைனார்பாளையத்தில் மாடிப்படிக்குக் கீழே!

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேனா? சொன்னேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“மாப்ள, உள்ள போர்டு வெச்சிருக்கேன். பி.எம்.எஸ். போர்டு. ஏதாவதுன்னா டக்குனு கட் பண்ணிடும். நீங்க பயப்படாதீங்க.”

“இதுவரைக்கும் கட் பண்ணியிருக்கா மாமா?”

“அதான் தொல்ல! ரெண்டு வாரமா அடிக்கடி கட் பண்ணிடுது. போர்டு மட்டம் போல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கடை லீவு. போர்டைத் தூக்கிட்டு நேரா குடுத்துடலாம்னு இருக்கேன்.”

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

போர்டு மட்டமில்லை. போர்டு ரெண்டு வாரமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. மாமா அதன் வாயில் துணி அடைக்கப் போகிறார்.

சமாசாரம் இதுதான். மாமா நாற்பது நாற்பது செல்லாகப் பக்கவாட்டில் சேர்த்து, அப்படி மூன்று வரிசையைத் தொடராகக் கோத்திருக்கிறார். போர்டுக்குத் தெரிவது மூன்றே மூன்று எண். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வோல்டேஜ். நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில் சராசரி மார்க்கை மட்டும் ஹெட்மாஸ்டரிடம் கொடுப்பது போல. 39 பேர் சேர்ந்து ஒருத்தனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவன் உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருப்பான். வரிசையே மளமளவென்று இறங்கும்போதுதான் போர்டுக்குச் சந்தேகம் வந்து கதவைச் சாத்துகிறது. அது நல்ல போர்டு. பரம்வீர் சக்ரா கொடுக்கலாம்.

ஆனால் அந்தப் போர்டாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. நாற்பதில் ஒரு செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆனால், மற்ற 39-ம் தங்கள் மின்சாரத்தை அவன் தலையில் கொட்டும். இது வரிசைக்குள்ளேயே நடக்கிற சண்டை. வாசலில் நிற்கிற போர்டு என்ன செய்யும்? விவரமானவர்கள் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே மெல்லிய ஃபியூஸ் கம்பி வைப்பார்கள். அதிக கரண்ட் பாய்ந்தால் அந்த ஒரு கம்பி மட்டும் அறுந்து, கெட்டவன் ஊரை விட்டு விலக்கப்படுவான். மாமாவோ அகலமான நிக்கல் பட்டையைப் போட்டு, அதிலும் பாதியை ஈயம் வைத்துப் பற்ற வைத்திருக்கிறார். பற்றவைக்கும் இரும்பின் சூடு அந்தச் சவ்வுக்குப் போகும் என்பது வேறு கதை.

இன்னொன்று. இதற்கு வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும். மாமா வீட்டு இன்வெர்ட்டர் பழைய ஈய-ஆசிட் பேட்டரிக்காகச் செய்தது. சார்ஜ் ஏற்றும்போது 14.4 வோல்ட் வரை தள்ளும். மூன்று வரிசைக்கும் பிரித்தால் செல்லுக்கு 4.8. இந்த வகைச் செல்லின் முழுக் கொள்ளளவு 4.2! அதற்கு மேல் ஏறாமல் தினமும் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரே ஒரு போர்டுதான். அதை எடுத்துவிட்டு ‘நேரா குடுத்தால்’, திங்கட்கிழமை காலை பேப்பரில் நைனார்பாளையம் பெயர் வரும்.

இதற்கெல்லாம் மாமா அசையவில்லை. கை நுட்பம் உள்ளவரிடம் பி.காம். பாடம் எடுத்தால் எப்படி அசைவார்? “போயிங் ஏரோப்ளேனே மாட்டிக்கிச்சு மாமா” என்று ஒரு அஸ்திரத்தை விட்டுப் பார்த்தேன். நிஜமாகவே மாட்டிக்கொண்டது. 2013 ஜனவரி 7-ம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் விமான நிலையத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு 787 விமானத்துக்குள் எட்டு செல் கொண்ட பேட்டரி ஒன்று புகைந்து எரிந்தது. ஒரு செல்லில் ஏற்பட்ட ஷார்ட் மற்றவற்றுக்கும் பரவியது என்றது விசாரணை. ஒன்பதாம் நாள் ஜப்பானில் இன்னொரு 787. உலகம் முழுக்க ஐம்பது விமானங்களையும் தரையில் உட்கார வைத்தார்கள். நம் ஏர் இந்தியாவின் ஆறும் அதில் அடக்கம். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு என்ன செய்தார்கள்? செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே தடுப்பைக் கூட்டினார்கள். பேட்டரியை ஸ்டீல் பெட்டிக்குள் வைத்து, எரிந்தால் புகை விமானத்துக்கு வெளியே போகிற மாதிரி குழாய் வைத்தார்கள். அதாவது, எரியாது என்று அவர்களே சத்தியம் செய்யவில்லை. எரிந்தால் வெளியே எரி என்றார்கள்.

“நம்மளுதும் இரும்புப் பொட்டிதான மாப்ள?” என்றார் மாமா.

“புகை எங்க போவும் மாமா?”

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா அடுக்களையிலிருந்து, “பொட்டின்னதும் ஞாபகம் வருது. இந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேளுடா தம்பி. எந்நேரமும் நகப்பூச்சு! படிக்கட்டுகிட்ட போனாலே அந்த வாசன கொமட்டுது. எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு தெரியல” என்றாள்.

“நான் ஒண்ணும் பூசலம்மா!” என்று உள்ளிருந்து அக்கா மகள் கீச்சிட்டாள். கையை விரித்துக் காட்டினாள். மருதாணி மட்டும்தான்.

செல் கசிந்தால் அந்தத் திரவம் இனிப்பாக, நெயில் பாலிஷ் மாதிரி மணக்கும் என்று நான் படித்திருக்கிறேன். முகர்ந்து பார்க்கிற வேலையே வேண்டாம் என்று, “மாமா, மெயினை ஆஃப் பண்ணுங்க, ஒயரைக் கழட்டுங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் வாதாடவில்லை. பெட்டியின் ஒரு மூலை மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததை அவர் கையே கண்டுபிடித்தது. ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய், வைக்கோல்போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் எட்டாத தூரத்தில், களத்து நடுவில் வைத்தோம். அன்று ராத்திரி ஃபேன் இல்லை. கொசு, விடிய விடிய. நாய் மட்டும் பெட்டியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

காலையில் பெட்டி ஆறிய பிறகு திறந்தோம். மூன்றாவது வரிசையில் ஸ்கூட்டர் செல் ஒன்றின் தலையில் ஈரக்கறை, சுற்றிலும் துரு. பக்கத்தில் இரண்டில் நகம் பதிந்த மாதிரி பள்ளம். கோக்கும்போது கலர் காகிதம் மறைத்திருக்கிறது.

வீட்டுக்குள் ஏன் கூடாது என்பதற்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில், வாங்கிச் சில நாளே ஆன எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிய வீட்டில், ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப் போனார்கள். அடுத்த மாதமே தெலங்கானாவில் நிஜாமாபாத், ஆந்திராவில் விஜயவாடா என்று, ஸ்கூட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றிய இடங்களில் ஆளுக்கொரு சாவு. செப்டம்பர் 12-ல் செகந்திராபாதில் கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே ஓட்டல். தீயும் புகையும் படியேறி எட்டுப் பேரைக் கொண்டு போனது. இதெல்லாம் கம்பெனி தயாரிப்பு, ஸார். டிரங்குப் பெட்டி இல்லை. பல இடங்களில் தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்த்திருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்று அந்தப் புகையில் உள்ள ஆசாமிகள் எல்லாருமே விஷம்.

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, ஏ.ஐ.எஸ். 156 என்கிற வாகன விதியை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு தவணையாக இறுக்கியது. ஒரு செல்லுக்குள் ஷார்ட் ஆனாலும் அந்தத் தீ பேட்டரி முழுக்கப் பரவக் கூடாது என்பதைக் கம்பெனிகள் சோதித்துக் காட்ட வேண்டும். நல்லது. ஆனால் அந்த விதி ஸ்கூட்டரின் வயிற்றில் இருக்கும்வரைதான். லாரியில் மாட்டி நசுங்கி, காயலான் கடை வழியாக டிரங்குப் பெட்டிக்கு வந்துவிட்ட செல்லை எந்த விதி தேடிக்கொண்டு வரும்?

நைனார்பாளையம் மட்டும் என்றில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒற்றை ஜன்னல் அறையில், கட்டிலுக்கடியில் ஸ்கூட்டர் பேட்டரியைச் சார்ஜில் போட்டுத் தூங்குகிற தம்பி, உன்னையும்தான் சொல்கிறேன். பேட்டரிக்கும் கதவுக்கும் நடுவில் நீ இருக்க வேண்டும். உனக்கும் கதவுக்கும் நடுவில் பேட்டரி இருக்கக் கூடாது. அப்புறம் அந்த ஆபீஸ் மேஜை டிராயர். தொப்பை போட்ட பவர் பேங்க் ஒன்று ஸ்டாப்ளர் பின்களோடு கிடக்கிறதே? ‘இன்னும் சார்ஜ் ஏறுது, ஸார்’ என்பார் அக்கவுண்ட்ஸ் சீனியர். தொப்பை என்பது உள்ளே வாயு. அமுக்கியோ ஊசியால் குத்தியோ இறக்குகிற வாயு இல்லை. எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள், அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

‘இரும்பு பாஸ்பேட் செல்லுன்னா எரியாதாமே?’ என்று மாமாவும் கேட்டார். சீக்கிரம் சூடேறாது, மற்றதைவிட நிதானமானது, வீட்டு இன்வெர்ட்டருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் நிதானமானவர் என்றால் கோபமே வராதவர் என்று அர்த்தமில்லை. அடிபட்டதும் ஊதியதும் அதிலும் கழிசடைதான். அதற்கென்று உள்ள சார்ஜரும் வேண்டும்.

மாமா அந்த வாரமே பட்டைகளை அறுத்து, 120 செல்லையும் தனித்தனியாகப் பிரித்தார். வேலை என்று வந்துவிட்டால் மனுஷர் மனுஷர்தான். வெளியே, சிமென்ட் தரையில், ஒவ்வொன்றாக முழுச் சார்ஜ் ஏற்றினார். ஏறும்போது கை பொறுக்காமல் சுட்டதை அங்கேயே தள்ளினார். மீதியின் தலையில் வோல்டேஜை எழுதி, மூன்று வாரம் தொடாமல் வைத்து, மறுபடி அளந்தார். உள்ளே ஓட்டை உள்ளது தானாகவே இறங்கியிருக்கும். ஸ்கூட்டர் செல்லும், அவர் ‘எழுப்பிய’ செல்லும், இறங்கியதும் சேர்த்து மொத்தம் 71 தேறவில்லை. போனில் அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

கணக்கைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது. நல்ல செல் ஒன்றில் அடங்குவது 9 வாட்-அவர். 120-ம் புத்தம் புதுசாக இருந்தாலே மொத்தம் 1080. அதாவது சுமார் ஒரு யூனிட் கரண்ட்! வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசமாகத் தருகிறது தமிழ்நாட்டு அரசு. அதில் ஒரே ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்கத்தான் இத்தனை பெரிய டிரங்குப் பெட்டி, அதுவும் பிள்ளைகள் பாய் விரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

தேறிய 49-ஐ அவர் எறியவில்லை. “டார்ச்சுக்கு ஆவும் மாப்ள, ஒண்ணொண்ணா போட்டுக்கலாம்” என்கிறார். வீட்டுக்குப் பழையபடி ஈய-ஆசிட் பேட்டரியே வந்துவிட்டது. மலையில் கேட்ட நாலு பேருக்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். ஓலையும் ஓடுமாக உள்ள வீடுகள், 101-க்கு அடித்தால் வண்டி மலையேறி வர எத்தனை நேரமோ. “இப்ப சரக்கு இல்லன்னு சொல்லிட்டேன்” என்றார். ‘இப்ப’ என்ற அந்த வார்த்தையை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தேறாத 71-ஐ என்ன செய்வது? முனைகளுக்கு டேப் ஒட்டி, காய்ந்த மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் புதைத்து, காட்டு வரப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் இருக்கின்றன. பழைய பேட்டரியைக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டியது நம் கடமை; திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. அருமையான விதி. மாமா சின்னசேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினார். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் “விட்டுட்டுப் போங்க பாப்போம்” என்றார்கள். அந்தப் ‘பாப்போம்’ பிடிக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவது கடையில் குப்பைத் தொட்டியைக் கை காட்டினார்கள்.

போன வாரம் பழைய இரும்புக்காரர் மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்திருக்கிறார். லித்தியம் என்றதும் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டாராம்.

“அண்ணே, இதுக்குத்தான் இப்ப நல்ல வெல. கிலோக் கணக்குல எடுத்துக்கறேன்.”

“எல்லாம் கெட்டதுப்பா. அடிபட்டது, கசிஞ்சது. உருக்கறவங்ககிட்டதான போவும்?”

“அட, உருக்கறதாவது! சேலத்துல ஒரு கடை இருக்குதுண்ணே. அங்க குடுத்தா, தொடச்சு, மேல புதுக் காயிதம் சுத்தி வெச்சிருவாங்க. வீட்லயே இன்வெர்ட்டரு பண்றவங்க வந்து அள்ளிட்டுப் போறாங்க!”

மாமா பத்து நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு வாளியை மூடி, மேலே ஒரு ஓட்டை வைத்து, அதன் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டார். இரும்புக்காரர் ஓட்டை டேபிள்ஃபேன் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாளி இன்னும் வரப்பில்தான் இருக்கிறது.